கோடு கிழித்த தொகுதிகள் – 9
நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தொகுதி

மாசசூசெட்ஸ் ஆளுநர் கெர்ரி 1812-ல் தம் கட்சிக்குச் சாதகமாக ஒரு தொகுதியை வளைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே காரணம் ஒன்றுதான்: கட்சி. இந்த வாரம் பார்க்கப்போகும் தொகுதியில் காரணங்கள் இரண்டு, இனமும் கட்சியும். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே கால் நூற்றாண்டு காலம் திணறியது. அதுதான் வட கரோலினா மாநிலத்தின் 12-வது காங்கிரஸ் தொகுதி.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுவோம். 1992-ல் வரையப்பட்ட அந்தத் தொகுதியின் நீளம் ஏறத்தாழ 160 மைல், அதாவது சுமார் 257 கிலோமீட்டர். வடகிழக்கே டர்ஹம் நகரில் தொடங்கி, கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம், சார்லட் வழியாகத் தென்மேற்கே காஸ்டோனியா வரை நீண்டது. பத்து மாவட்டங்களைத் தொட்டுச் சென்றாலும் ஒரு மாவட்டத்தைக்கூட முழுமையாக உள்ளடக்கவில்லை. பல இடங்களில் அதன் அகலம் 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அகலம்தான். சில மாவட்டங்களில் வடக்கே போகும் வண்டிகள் ஒரு தொகுதியிலும், அதே சாலையில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள் வேறொரு தொகுதியிலும் ஓடின. அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. ஓரிடத்தில் தொகுதி ஒரே ஒரு புள்ளியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியில் வேறு இரண்டு தொகுதிகளைக் குறுக்கே தாண்டி அப்பால் போனது. காரின் இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதியில் பெரும்பாலானோரை இடித்துக் கொன்றுவிடலாம் என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கேலி செய்தார். அந்தக் கேலி உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பிடித்தது.

இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ‘பாம்பு’ என்றார்கள். மண்ணுக்கும் மனிதருக்கும் சம்பந்தமில்லாமல் கணினியில் உட்கார்ந்து போட்ட கோடு என்றார்கள். அது முழு உண்மையல்ல. இந்தக் கோட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

வட கரோலினாவின் கிழக்கே கடலோரச் சமவெளி, மேற்கே அப்பலாச்சிய மலை. இரண்டுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் செம்மண் பூமிக்குப் பீட்மான்ட் என்று பெயர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அதன் குறுக்கே கடாபா பழங்குடியினரின் ஊர்களை நோக்கிப் போகும் வணிகப் பாதை ஒன்று இருந்தது. 1856-ல் மாநில அரசு முன்னின்று கோல்ட்ஸ்பரோவிலிருந்து சார்லட் வரை 223 மைல் ரயில் பாதை போட்டு முடித்தபோது, அது பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தையே பின்பற்றியது. தண்டவாளம் வந்த இடத்தில் ஆலைகள் வந்தன. டர்ஹமிலும் வின்ஸ்டன்-சேலத்திலும் புகையிலை, கிரீன்ஸ்பரோவில் டெனிம் துணி, ஹை பாயின்ட்டில் மரச்சாமான், காஸ்டோனியாவில் நூற்பாலை என்று வரிசையாக ஊர்கள் எழுந்தன. பிறை வடிவில் அமைந்த இந்த ஊர்க்கோவைக்கு ‘பீட்மான்ட் பிறை’ என்றே பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுஞ்சாலை போட்டவர்களும் இதே வழியில்தான் போட்டார்கள்.

இந்த ஊர்களுக்குப் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களுக்கு எல்லா வேலையும் கிடைத்துவிடவில்லை. நூற்பாலைக்குள் தறியிலும் நூற்புக் கருவியிலும் நிற்கும் வேலை 1960-கள் வரை பெரும்பாலும் வெள்ளையருக்கே. புகையிலை ஆலையில் தூசி பறக்கும் கூடத்தில் இலையிலிருந்து நரம்பு உருவும் வேலை கறுப்பினப் பெண்களுக்கு. வேலையில் இருந்த பிரிவினை குடியிருப்பிலும் இருந்தது. டர்ஹமில் ஹேட்டி, சார்லட்டில் புரூக்ளின் என்று ஒவ்வொரு நகரத்திலும் கறுப்பினத்தவருக்கென்று ஒரு பகுதி ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்திலேயே அவர்கள் வலுவாகவும் வளர்ந்தார்கள். 1898-ல் டர்ஹமில் தொடங்கிய நார்த் கரோலினா மியூச்சுவல் நாட்டின் பெரிய கறுப்பினக் காப்பீட்டு நிறுவனமாக உயர்ந்தது. 1960 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன்ஸ்பரோவில் உல்வொர்த் கடையின் வெள்ளையர் உணவு மேசையில் போய் உட்கார்ந்து எழ மறுத்த நான்கு மாணவர்களும், அதே ஊரிலுள்ள கறுப்பினத்தவருக்கான வேளாண், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள். ஆக, 1992-ல் வரைபடம் போட்டவர்கள் நெடுஞ்சாலையைத் தேடிப் போகவில்லை. கறுப்பின வாக்காளர்களைத் தேடிப் போனார்கள். அவர்கள் தண்டவாளத்து ஊர்களில் இருந்தார்கள், அந்த ஊர்களை நெடுஞ்சாலை இணைத்திருந்தது.

ஏன் தேட வேண்டியிருந்தது? அதற்கு நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1872-ல் ஜனநாயகக் கட்சியினர் கையாண்ட உத்தி எளிமையானது: கிழக்குப் பகுதியில் கறுப்பினத்தவர் நிறைந்த மாவட்டங்களை எல்லாம் திரட்டி ஒரே தொகுதிக்குள் அடைத்துவிட்டால் மற்ற தொகுதிகள் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தொகுதிக்கு ‘கறுப்பு இரண்டாவது’ என்று பெயர். அடைத்தவர்கள் எதிர்பார்த்தபடியே அங்கிருந்து 1874-க்கும் 1898-க்கும் இடையில் நான்கு கறுப்பினத்தவர் காங்கிரசுக்குத் தேர்வானார்கள். நான்காமவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட்.

அந்த ஒரு தொகுதியையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. 1898-ல் ஜனநாயகக் கட்சி வெள்ளையர் மேலாதிக்கத்தை வெளிப்படையாக முழங்கிப் பிரசாரம் செய்தது. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 10-ம் தேதி, வில்மிங்டன் நகரில் ஆயுதக் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் தூக்கியெறிந்தது. 1900-ல் மாநில அரசியல் சாசனம் திருத்தப்பட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே ஓட்டு என்றானது. எழுத்தறியாத வெள்ளையர் என்ன செய்வார்கள்? 1867 ஜனவரி 1-ம் தேதிக்கு முன் பாட்டனுக்கோ தகப்பனுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் சோதனை வேண்டாம் என்று அவர்களுக்கு ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. அடிமையாக இருந்தவரின் பேரனுக்கு அந்த வாசல் இல்லை. ஒயிட் மீண்டும் போட்டியிடவில்லை. 1901 ஜனவரியில் சபையில் ஆற்றிய விடைபெறும் உரையில், இது காங்கிரசுக்குக் கறுப்பினத்தவர் சொல்லும் தற்காலிக விடை, ஒருநாள் மீண்டு வருவோம் என்றார். அவர் இறங்கிய பிறகு 28 ஆண்டுகள் காங்கிரசில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. வட கரோலினாவிலிருந்து அடுத்தவர் போக 91 ஆண்டுகள் ஆயின.

1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்ததும் ஓட்டுப் போடும் உரிமை திரும்பியது. போட்ட ஓட்டுக்குப் பலன் மட்டும் வரவில்லை. 1982-ல் டர்ஹம் வழக்கறிஞர் மிக்கி மிஷோ ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முதல் சுற்றில் முன்னிலை பெற்றார். ஆனால் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கவில்லை என்பதால் இரண்டாம் சுற்று நடந்தது. வெள்ளையர் வாக்கு ஒரே பக்கம் சேர்ந்துகொள்ள, தோற்றார். 1990-ல் சார்லட்டின் முன்னாள் மேயர் ஹார்வி கான்ட் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்சை எதிர்த்து நின்று சுமார் 47 சதவீத வாக்குகளோடு நின்றுபோனார். கான்ட்டின் தேர்தல் பணிகளை நிர்வகித்தவர் சார்லட் வழக்கறிஞர் மெல் வாட். அவர் இனி இந்தக் கதையில் அடிக்கடி வருவார்.

நம் வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். தனித்தொகுதி ஒதுக்கியிருக்கலாமே? அமெரிக்காவில் அந்த ஏற்பாடே கிடையாது. எந்தத் தொகுதியிலும் யாரும் நிற்கலாம். சிறுபான்மையினர் தங்களுக்கு விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், அவர்கள் போதிய எண்ணிக்கையில் வரும்படி எல்லையைப் போடுவது ஒன்றே வழி. அந்த எல்லையைப் போடுவதும் நம்மூர்போலத் தனி ஆணையம் அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே போடுகிறது. வட கரோலினாவில் அதைத் தடுக்கும் அதிகாரம் ஆளுநருக்குக்கூட இல்லை. வேட்பாளர் வாக்காளரைத் தேடுவதற்கு முன்பே, சட்டமன்றம் வேட்பாளருக்கு வாக்காளரைத் தேடிக் கொடுத்துவிடும்.

1990 கணக்கெடுப்பில் மக்கள்தொகை கூடியதால் வட கரோலினாவுக்கு 12-வது இடம் கிடைத்தது. மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். ஜனநாயகக் கட்சி கையிலிருந்த சட்டமன்றம் முதலில் வடகிழக்கே ஒரே ஒரு கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியைத்தான் போட்டது. பழைய பாகுபாடு காரணமாக மாநிலத்தின் 100 மாவட்டங்களில் 40 மாவட்டங்கள் மத்திய அரசின் முன் அனுமதிப் பட்டியலில் இருந்தன. 1991 டிசம்பரில் நீதித்துறை அனுமதி மறுத்தது. தெற்கிலிருந்து தென்கிழக்கு வரை இன்னொரு தொகுதி போட இடம் இருக்கிறதே என்றது.

இங்கேதான் கதை திரும்புகிறது. நீதித்துறை கைகாட்டிய இடத்தில் போட்டிருந்தால், அங்கே ஏற்கெனவே இருந்த வெள்ளை ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் தொகுதி ஆட்டம் கண்டிருக்கும். ஆகவே இரண்டாவது தொகுதியைத் தூக்கிக்கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓரமாக நீட்டினார்கள். கறுப்பினத்தவர் பங்கு சுமார் 57 சதவீதம். தொகுதி பிறந்தது இனத்துக்காக, அது வளைந்தது கட்சிக்காக. பாம்பு என்று திட்டியவர்கள் முதல் பாதியை மட்டுமே பார்த்தார்கள்.

1992 நவம்பரில் மெல் வாட் சுமார் 70 சதவீத வாக்குகளோடு வென்றார். வடகிழக்கின் முதலாம் தொகுதியில் ஈவா கிளேட்டன் வென்றார். ஜார்ஜ் ஒயிட் சொன்னது நடந்தது.

வாட் சாதாரணமாக வந்தவரல்ல. ஜூலியஸ் சேம்பர்ஸ் நடத்திய சார்லட் சட்ட நிறுவனத்தில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். சேம்பர்ஸ்தான் பள்ளிகளில் இனக் கலப்புக்கான 1971-ம் ஆண்டுப் புகழ்பெற்ற வழக்கை வாதாடி வென்றவர். அவர் வீட்டில் குண்டு வெடித்தது, அலுவலகம் தீக்கு இரையானது. வாக்குரிமைச் சட்டத்துக்கு உயிர் கொடுத்த 1986-ம் ஆண்டு ஜிங்கிள்ஸ் தீர்ப்பும் இதே மாநிலத்தில் பிறந்ததுதான், வாதாடியவரும் அவரே. சிறுபான்மையினர் நெருக்கமாகவும் போதிய எண்ணிக்கையிலும் வாழ்ந்து, ஒற்றுமையாக வாக்களித்தும், பெரும்பான்மையினர் திரண்டு அவர்களைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தால் அது சட்ட மீறல் என்றது அந்தத் தீர்ப்பு. ‘நெருக்கமாக’ என்ற நிபந்தனை பின்னால் இந்தத் தொகுதியையே கடிக்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட்டும் டர்ஹம்வாசிகள் சிலரும் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் பெயரோடு ‘ஷா எதிர் ரீனோ’ என்று பதிவான அந்த வழக்கில் 1993 ஜூன் 28 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். இனத்தைத் தவிர வேறு எதனாலும் விளக்க முடியாத அளவுக்கு ஒரு தொகுதி கோணலாக இருந்தால் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம் என்றார். தோலின் நிறம் ஒன்றுதான் பொது என்று ஆட்களைப் பொறுக்கிச் சேர்ப்பது இனஒதுக்கலின் சாயலைப் பெறுகிறது என்று கடிந்துகொண்டார். 1996-ல் அதே நீதிமன்றம் தொகுதியை ரத்தே செய்தது. இவ்வளவு சிதறிக் கிடக்கும் ஒன்றை ‘நெருக்கமாக வாழும் சமூகம்’ என்று சொல்ல முடியாது என்றது.

சட்டமன்றம் 1997-ல் டர்ஹத்தையும் காஸ்டோனியாவையும் வெட்டிவிட்டு ஆறு மாவட்டங்களோடு புது வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் பங்கு 47 சதவீதத்துக்கு இறங்கியது. அதையும் எவரெட் தரப்பு விடவில்லை. விசாரணை நீதிமன்றம் தடுத்ததால் 1998-க்கு மட்டும் இன்னொரு வரைபடம் வந்தது. கறுப்பினத்தவர் பங்கு சுமார் 35 சதவீதம், கிரீன்ஸ்பரோ வெளியே. உட்கட்சித் தேர்தலே செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. வாட் அப்போதும் 56 சதவீதம் பெற்று வென்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கான்ட்டால் முடியாததை இப்போது கறுப்பினப் பெரும்பான்மை இல்லாத தொகுதியிலேயே வாட் சாதித்தார். ஏற்கெனவே உறுப்பினராக இருந்த பலம் அதில் உண்டு. வெள்ளையரில் ஒரு பகுதியினர் கட்சி பார்த்து ஓட்டுப் போட்டார்கள் என்பதும் உண்டு.

கடைசியில் 2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 1997 வரைபடத்தை ஏற்றுக்கொண்டது. மறுபடியும் 5-க்கு 4. ஓ’கானர் இந்த முறை அணி மாறியிருந்தார். நீதிபதி ஸ்டீபன் பிரேயர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: கறுப்பினத்தவர் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். ஆகவே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களைச் சேர்க்கப்போனாலும் இதே மாதிரிதான் கோடு வரும். இனம்தான் காரணம் என்று வழக்குத் தொடுத்தவர்கள் நிரூபிக்கவில்லை.

அதே கோடு, அதே மக்கள். ‘கறுப்பினத்தவர் என்பதால் சேர்த்தோம்’ என்றால் செல்லாது, ‘எங்கள் கட்சிக்காரர் என்பதால் சேர்த்தோம்’ என்றால் செல்லும். இந்தப் பாடத்தை எல்லோரையும்விட நன்றாகப் படித்துக்கொண்டது எதிர்முகாம்.

2010 தேர்தலில் குடியரசுக் கட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் பிடித்தது. வரைபடம் போட அந்தக் கட்சியின் கைதேர்ந்த நிபுணர் தாமஸ் ஹொஃபெல்லர் வந்தார். 12-வது தொகுதியில் வாக்களிக்கும் வயதுடையோரில் கறுப்பினத்தவர் பங்கு 43.8 சதவீதத்திலிருந்து 50.7 சதவீதமானது. வாட் ஒவ்வொரு முறையும் சுளுவாக வென்றுகொண்டிருந்த இடத்தில் எதற்கு இன்னும் கூட்டினார்கள்? கூடுதலாக உள்ளே வந்தவர்கள் பக்கத்துத் தொகுதிகளில் இல்லாமல் போவார்கள். 1872-ன் உத்திதான், கட்சிகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

வரைபடக் குழுத் தலைவரான செனட்டர் ராபர்ட் ருச்சோ தம்மிடம் வந்து, கறுப்பினத்தவர் பங்கை 50-க்கு மேல் ஏற்றும்படி தலைமை சொல்லியிருக்கிறது என்றதாகவும், அதைக் கேட்டுத் தாம் சிரித்துவிட்டதாகவும் மெல் வாட் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். சட்டம் அப்படிக் கேட்கவே இல்லையே என்பதுதான் சிரிப்புக்குக் காரணம். ருச்சோ மறுத்தார். விசாரணை நீதிமன்றம் வாட்டை நம்பியது. நாங்கள் கட்சியைத்தான் பார்த்தோம், இனத்தை அல்ல என்று மாநிலம் 2001-ன் பழைய பதிலையே ஒப்பித்தது. 2017-ல் நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. 5-க்கு 3 என்ற அந்தத் தீர்ப்பில், கேகனோடு சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் பழமைவாதியான கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமசும் ஒருவர். 1993-லிருந்து எந்தக் கட்சி போட்டாலும் இனம் பார்த்துப் போட்ட கோடு கூடாது என்பதே அவர் நிலை.

உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, கீழ் நீதிமன்ற உத்தரவின்படி 2016 பிப்ரவரியில் அவசரமாக வரைபடம் மாறியிருந்தது. பாம்பு மறைந்தது. 12-வது தொகுதி சார்லட் இருக்கும் மெக்லென்பர்க் மாவட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. அதன் உறுப்பினர் கதியைக் கேளுங்கள். வாட் 2014-ல் மத்திய அரசுப் பொறுப்புக்குப் போன பிறகு வந்தவர் கிரீன்ஸ்பரோ கல்லூரி ஆசிரியை ஆல்மா ஆடம்ஸ். அன்றைய காங்கிரசில் நூறாவது பெண் உறுப்பினர் என்ற பெருமையோடு பதவியேற்றவர். அவர் ஊரை விட்டுத் தொகுதி 90 மைல் தள்ளிப் போய்விட்டது. ஆடம்சும் சார்லட்டில் வீடு பார்த்துக்கொண்டு தொகுதியின் பின்னாலேயே போனார், வென்றார்.

அவர் விட்டுவந்த கிரீன்ஸ்பரோவில் என்ன ஆயிற்று? 1960-ல் நான்கு மாணவர்களை அனுப்பிய அந்தக் கல்லூரி இப்போது பெரிய பல்கலைக்கழகம். அதன் வளாகத்துக்கு நடுவே ஓடும் ஒரு தெருவைப் பிடித்துக் கோடு போட்டார்கள். ஒருபக்கம் 6-வது தொகுதி, மறுபக்கம் 13-வது. விடுதியில் அறை மாறினால் மாணவருக்குத் தொகுதியும் மாறும். இரண்டு தொகுதியிலும் குடியரசுக் கட்சியே வென்றது.

இந்த முறை மறைத்துப் பேச அவசியமே இருக்கவில்லை. இனக் கணக்கை எடுத்துக்கொள்ளமாட்டோம், 10 இடம் எங்களுக்கு, 3 இடம் அவர்களுக்கு என்று குழு எழுத்திலேயே வைத்துத் தீர்மானம் போட்டது. 11-க்கு 2 என்று வரைய முடியும் என்று தோன்றவில்லை, அதனால்தான் 10-க்கு 3 என்று விளக்கமும் சொன்னார் குழுத் தலைவர்களில் ஒருவர். 2016-ல் 53 சதவீத வாக்கு வாங்கிய குடியரசுக் கட்சிக்கு 13-ல் 10 இடம், சொன்ன சொல் தவறாமல். இது நியாயமா என்று கேட்டுப் போன வழக்குக்கும் ருச்சோவின் பெயர்தான். 2019-ல் உச்ச நீதிமன்றம், கட்சிக்காக எல்லையை வளைப்பது மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விஷயமல்ல என்று கதவைச் சாத்தியது. பின்னர் மாநில நீதிமன்றங்கள் சில முறை தலையிட்டன. 2022-ல் 7-க்கு 7 என்று சமமாக வந்தது. 2023-ல் சட்டமன்றம் மீண்டும் வரைந்தது. 2024-ல் 10-க்கு 4.

1992-ன் பாம்பைக் கண்டு நாடே முகம் சுளித்தது. பத்திரிகைகள் படம் போட்டுச் சிரித்தன, நீதிபதிகள் உவமை தேடினார்கள். அந்தக் கோணல் கோடு, 91 ஆண்டுகளாகப் பேச ஆளில்லாத மக்களுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தது. 2016-ன் வரைபடத்தில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை, மாவட்ட எல்லைகள் மதிக்கப்பட்டன, ஓரங்கள் நேராக இருந்தன, தேர்தல் முடிவு மட்டும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒரு தொகுதி நேர்மையானதா என்று அதன் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. யாரை எங்கே சேர்த்தார்கள், யாரை எங்கிருந்து எடுத்தார்கள், பக்கத்துத் தொகுதி என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இதே 1992-ல் சிகாகோ நகரிலும் ஒரு விசித்திரம் பிறந்தது. நடுவே கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி, அதற்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு லத்தீன் அமெரிக்கர் குடியிருப்புகள், இரண்டையும் இணைக்க மேற்கே சுற்றிக்கொண்டு போகும் ஒரு நெடுஞ்சாலைத் துண்டு. வரைபடத்தில் பார்த்தால் குளிருக்குக் காதில் மாட்டும் உறை மாதிரி இருக்கும். அதற்கும் வழக்கு வந்தது, ஆனால் அந்தத் தொகுதி தப்பித்தது. எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)